நந்தன் ஏறிய மேடைகள்: 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னைக் கலையுலகம்

1940களையும் 1950களையும் சென்னையின் கலைப் பொற்காலம் என்று சொல்வது வழக்கம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், மதுரை மணி ஐயர், ஜி.என். பாலசுப்பிரமணியம், எம்.எஸ். சுப்புலட்சுமி, டி.கே. பட்டம்மாள் ஆகியோரின் கச்சேரிகள், பாலசரஸ்வதியின் அபிநயம், ருக்மிணி தேவியின் நாட்டிய நாடகங்கள், ஜெமினி, ஏவி.எம். படங்கள், ஒற்றைவாடைத் தியேட்டர் நாடகங்கள் என்று பட்டியல் நீளும். பட்டியலில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அது பாடியவர்கள், ஆடியவர்கள், படம் எடுத்தவர்கள் ஆகியோரின் பட்டியல். யார் உள்ளே அமர்ந்து கேட்டார்கள், யார் வாசலில் நின்றார்கள், வாசலைத் திறப்பதும் அடைப்பதும் யார் கையில் இருந்தன என்பவற்றை அது சொல்வதில்லை.

அதை அறிய, நகரின் பல மேடைகளிலும் ஏறிய ஒரே கதையைப் பின்தொடர்ந்து பார்க்கலாம். நந்தனார் சரித்திரம் அத்தகைய கதை. காலட்சேபம், கச்சேரி, அபிநயம், சினிமா, நகைச்சுவை மேடை, சிறுகதை என அந்நாளைய சென்னையின் எல்லா வடிவங்களுக்குள்ளும் நந்தன் நுழைந்தார். ஒவ்வொரு இடத்திலும் அவர் வேறு ஆளாக இருந்தார். கதையின் கருவே வாசலில் நிற்கும் மனிதன் என்பதால், எந்த மேடை அந்த மனிதனை எப்படி நடத்தியது என்பதில் அந்த மேடையின் குணம் தெரிந்துவிடுகிறது.

கதை

பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பவர். திருப்புன்கூரில் அவருக்காக நந்தி விலகுகிறது. தில்லையின் எல்லையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். உள்ளே போகத் துணியவில்லை. இறுதியில் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து, கோயிலுக்குள் சென்று மறைகிறார். சேக்கிழாரின் கதையில் நந்தனை அடக்கி வைக்கும் முதலாளி என்று ஒருவர் கிடையாது.

அந்த முதலாளியைக் கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதி. அவருடைய நந்தன் ஒரு வேதியரின் பண்ணையாள். சிதம்பரம் போக அனுமதி கேட்கும் நந்தனிடம், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். சிவபூதங்கள் ஓர் இரவில் அந்த வேலையை முடித்துவிடுகின்றன. விளைந்து நிற்கும் வயலைக் கண்ட வேதியர் நந்தனின் காலில் விழுகிறார். புராணத்தில் தீட்டைப் பற்றி மட்டும் இருந்த கதை, பாரதியின் கையில் தீட்டையும் கூலியையும் சேர்த்துப் பேசும் கதை ஆயிற்று. பின்னால் வந்த எல்லா மேடைகளும் பாரதியின் கதையைத்தான் எடுத்துக்கொண்டன. அதில் எந்தப் பாதியை வைத்துக்கொண்டன, எதை விட்டன என்பதில்தான் வேறுபாடு.

கச்சேரி மேடை

நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைச் சபாக்களில் காலட்சேபத்துக்கு நல்ல மதிப்பு இருந்தது. அதில் கதையும் பாட்டும் சேர்ந்தே வரும். வேதியர் அதட்டுவதும் நந்தன் கெஞ்சுவதும் பாகவதரின் குரலிலேயே கேட்கும். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் காலட்சேபம் பின்னுக்குப் போய், அரியக்குடி வகுத்த கச்சேரிப் பத்ததி முன்னால் வந்துவிட்டது. வர்ணம், கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, அதன் பிறகு துக்கடாக்கள் என்ற வரிசை நிலைத்தது. நந்தனார் பாடல்கள் பெரும்பாலும் துக்கடாப் பகுதிக்கு வந்து சேர்ந்தன.

இந்த இடமாற்றத்தைச் சிறிய விஷயமாக எண்ணக் கூடாது. கதையிலிருந்து கழற்றி எடுக்கப்பட்ட பாட்டில் பண்ணையாள் இல்லை, வேதியர் இல்லை, நாற்பது வேலி இல்லை. எஞ்சுவது ராகமும் உருக்கமும். உள்ளே வரலாமா என்று தில்லை வாசலில் நின்று கேட்கும் மாஞ்சி ராகப் பாடலைக் கேட்கும் ரசிகர், தன்னையே நந்தனாக எண்ணிக் கண் கலங்குகிறார். பக்தி அனுபவம் என்ற அளவில் அது உண்மையானதே. ஆனால் அந்தக் கலக்கத்தில் அவர் வேதியரின் இடத்தில் ஒருபோதும் அமர்வதில்லை. கச்சேரி வடிவம் அந்த வசதியை அவருக்குச் செய்து கொடுத்தது.

தமிழிசைப் பூசல் இந்த இடத்தில்தான் மூண்டது. 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து பிறந்த மியூசிக் அகாடமி, 1928 முதல் நகரின் இசை ரசனைக்கு நடுவராக விளங்கியது. கச்சேரிகளில் தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளே நடுநாயகமாக இருந்தன. தமிழ்ப் பாட்டு துக்கடாவாக ஒதுங்கியதை எதிர்த்து 1941 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவில் மாநாடு கூடியது. 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 1952 இல் எஸ்பிளனேடில் ராஜா அண்ணாமலை மன்றம் எழுந்தது. ராஜாஜி, கல்கி, டி.கே. சிதம்பரநாத முதலியார், ஆர்.கே. சண்முகம் செட்டியார் ஆகியோர் இயக்கத்தை ஆதரித்தனர். அகாடமி வட்டமோ, இசைக்கு மொழி முக்கியமல்ல என்று வாதிட்டது.

தமிழிசை இயக்கத்தின் வெற்றி மறுக்க முடியாதது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி ஆகியோரின் பாடல்கள் கச்சேரியில் நிமிர்ந்து உட்கார்ந்தன. தேவாரப் பண்கள் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியது. எனினும் பூசல் எந்தப் பாட்டைப் பாடுவது என்பதைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருந்தது. யார் பாடுவது, யார் கேட்பது என்ற கேள்விக்கு அது அதிகம் போகவில்லை. பல வித்துவான்கள் இரு மேடைகளிலும் பாடினார்கள். கச்சேரியின் வரிசையும் அப்படியே இருந்தது. நந்தனின் பாட்டுக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது. நந்தனின் ஊர்க்காரருக்குக் கிடைத்ததா என்பதை இரு தரப்பாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பெண்கள் நிலையையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 1942 முதல் வழங்கப்பட்டுவந்த சங்கீத கலாநிதிப் பட்டம் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1968 இல். அதைப் பெற்றவர் எம்.எஸ். சுப்புலட்சுமி.

சபாவுக்கு வெளியே ஒரு வழி இருந்தது. மாநகராட்சி 1930 இல் தொடங்கிய ஒலிபரப்பு, 1938 இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையத்துக்கு வழிவிட்டது. பூங்காவிலும் கடற்கரையிலும் வைத்த ஒலிபெருக்கிகளுக்கு டிக்கெட் கிடையாது. பல்லவி பாடும் வித்துவானை வேர்க்கடலை விற்பவரும் கேட்க முடிந்தது. இசையின் சமூக வரலாற்றில் சபாக்களுக்குக் கிடைத்த கவனத்தில் பாதியாவது இந்தப் பூங்காக்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

திரை

1935 இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள், வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ஆண் வேடம் பூண்ட ஒரு நாடக நடிகையின் முன், சபாக்களில் கொடிகட்டிப் பறந்த வித்துவான் பணிந்து நிற்பதை ஊர் பார்த்தது. கல்கி இந்தப் படத்தை ஆனந்த விகடனில் கிண்டல் செய்தார். பனைமரமும் எருமையும் நன்றாக நடித்திருப்பதாகப் பாராட்டிய அந்த விமர்சனம் இன்றும் பேசப்படுகிறது. படம் கலையாகத் தேறியதா என்பது வேறு. சபா மேடையில் நடக்க முடியாத ஒன்று திரையில் நடந்தது என்பதைக் கல்கியின் நகைச்சுவை கவனிக்கவில்லை.

1942 இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படம் அமைதியானது. எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாகவும் செருகளத்தூர் சாமா வேதியராகவும் நடித்தனர். பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் பாடல்கள் எழுதினர். தேவார மரபில் பழகிய தேசிகரின் குரலே படத்தின் உயிர். எல்லோருக்கும் புரியும் சொற்களில், எல்லா ஊர்க் கொட்டகைகளிலும், கச்சேரித் தரத்தில் ஒரு குரல் கேட்டது. பாட்டோடு கதையும் திரும்பி வந்தது. காலட்சேபம் சபாவில் இழந்ததைச் சினிமாக் கொட்டகை ஓரளவு மீட்டது எனலாம்.

இதே தேசிகருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. திருவையாற்றுத் தியாகராஜர் உற்சவத்தில் அவர் தமிழ்ப் பாட்டுப் பாடியதால் சந்நிதி தீட்டாகிவிட்டது என்ற பேச்சு எழுந்தது என்பதே அது. 'தீட்டாயிடுத்து' என்ற தலைப்பில் மு. கருணாநிதி 'குடியரசு' இதழில் இதைக் கண்டித்து எழுதினார். திரையில் நந்தனாக நின்றவரைப் பற்றிய பேச்சில் அதே சொல் மீண்டும் வந்தது. மொழிப் பூசல் வெறும் மொழிப் பூசலாக இல்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

கிந்தனார்

நந்தன் கதையை எடுத்துத் திருப்பிப் போட்டவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அண்ணாவின் கதை வசனத்தில் 1949 இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவருடைய 'கிந்தனார்' காலட்சேபம் இடம்பெற்றது. பாகவதரின் கோலம், பாவனை, இழுத்துப் பேசும் நடை, பின்பாட்டு எல்லாம் அப்படியே இருக்கும். கதைதான் மாறிவிட்டது. நந்தன் தில்லைக்குப் போக ஏங்கினான். கிந்தன் படிப்பதற்காகப் பட்டணம் போக ஏங்குகிறான். கோயில் வாசல் இருந்த இடத்தில் பள்ளிக்கூட வாசல் வந்து நிற்கிறது.

கேலிக்காகக் கேலி செய்தவராகக் கலைவாணரை எடுத்துக்கொண்டால் இதன் கூர்மை புரியாது. காலட்சேப வடிவத்தை அவர் அவமதிக்கவில்லை. அதை நன்றாகக் கற்றிருந்தார். அதனால்தான் சிரிப்பு வருகிறது. உருகிக் கேட்டுப் பழகிய காது, அதே மெட்டில் அதே குழைவில் வேறு கோரிக்கையைக் கேட்கும்போது ஒரு கணம் திகைக்கிறது. நூறு மேடைப் பேச்சு செய்ய முடியாததை அந்தத் திகைப்பு செய்தது.

குறையும் உண்டு. கிந்தனாரில் படிப்பு வந்ததும் துன்பம் நீங்கிவிடுகிறது. பாரதி கொண்டுவந்த நாற்பது வேலி இங்கும் காணாமல் போய்விட்டது. சபா நிலத்தை மறந்தது என்றால், சீர்திருத்த மேடை நிலத்தைத் தாண்டிக் குதித்தது. தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாட்கள் கூலிக்காகவும் சாட்டையடிக்கு எதிராகவும் செங்கொடிச் சங்கம் கட்டிக்கொண்டிருந்த ஆண்டுகள் இவை என்பதை நினைத்தால் அந்தக் குறை பெரிதாகவே தெரிகிறது.

பள்ளிக்கூடம் என்ற எண்ணம் கலைவாணருக்கு முன்பே நடைமுறையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சுவாமி சகஜானந்தர் 1916 இல் சிதம்பரத்திலேயே நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கியிருந்தார். நந்தன் தீயில் இறங்கிய ஊரில், அவர் பெயரால் பிள்ளைகள் பலகையில் எழுதப் பழகிக்கொண்டிருந்தனர்.

1947: திறந்த கதவும் மூடிய கதவும்

1947 இல் சென்னை மாகாணத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஆலயப் பிரவேசச் சட்டம், நந்தனின் வழியில் வந்தவர்களுக்குக் கோயில் கதவைத் திறந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டம், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதை நிறுத்தியது. இரண்டும் நியாயமான சட்டங்கள். இரண்டாவது சட்டத்துக்குப் பின்னால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பல ஆண்டுப் போராட்டம் இருந்தது. சிறுமிகளைக் காத்த அந்தச் சட்டத்தைக் கலையின் பெயரால் குறை சொல்வது முறையாகாது.

ஆனால் கலைவரலாறு இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். சதிர் என்ற பெயரில் இருந்த ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரோடு சபாவுக்குள் வந்தபோது, அதைக் காத்துவந்த குடும்பங்களின் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே விதமான வரவேற்பு கிடைக்கவில்லை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வழுவூர் ராமையா பிள்ளை போன்ற நட்டுவனார்கள் குருமார்களாக மதிக்கப்பட்டனர். 1947 இல் வெளியான 'நாம் இருவர்' படத்தில் ராமையா பிள்ளையின் மாணவி குமாரி கமலா ஆடியதைப் பார்த்து, நடுத்தர வீடுகளில் பெண் குழந்தைகளுக்குச் சலங்கை கட்டும் ஆசை பரவியது. குடும்பத்தின் பெண்களோ மேடையிலிருந்து மெல்ல விலகினர், அல்லது விலக்கப்பட்டனர். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள், ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் கற்பித்தவர். அவரிடம் கற்றவர்களின் பெயர் உலகம் எங்கும் போயிற்று. அவர் பெயரை ரசிகர்களிலும் சிலரே அறிவர்.

விதிவிலக்கு பாலசரஸ்வதி. வீணை தனம்மாளின் பேத்தி. ஜார்ஜ் டவுன் வீட்டில் இசையோடு வளர்ந்தவர். சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை முன்னிறுத்திய கலாக்ஷேத்திர வழிக்கு அவர் உடன்படவில்லை. ருக்மிணி தேவி ஆடையிலும் அரங்கிலும் ஒழுங்கிலும் கொண்டுவந்த மாற்றம் பெரியது. 1944 இன் 'குற்றாலக் குறவஞ்சி' முதல் அவர் அமைத்த நாட்டிய நாடகங்கள் தமிழகத்துக்குப் புதிய அரங்க அனுபவம். ஆயினும் அவர் தூய்மைப்படுத்தினார் என்று புகழும்போது, அதற்கு முன் அது அழுக்காக இருந்தது என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. நந்தன் தீயில் மூழ்கித்தான் உள்ளே போக முடிந்தது. ஆட்டத்துக்கும் ஒரு தீக்குளி விதிக்கப்பட்டது. அந்த விதியை ஏற்காமல், இருந்தபடியே உள்ளே வந்து ஆடியவர் பாலசரஸ்வதி. அவருடைய பெருமை அபிநயத்தில் மட்டும் இல்லை.

நகரம் மறந்த நந்தன்கள்

மணிக்கொடி எழுத்தாளர்களில் புதுமைப்பித்தன் 1934 இலேயே 'புதிய நந்தன்' எழுதிவிட்டார். காந்தியின் வருகை, சுயமரியாதை பேசும் அரிசன இளைஞன் எல்லாம் அதில் உண்டு. யாருக்கும் எந்தக் கதவும் திறப்பதில்லை. தண்டவாளத்தில் உயிர்கள் போகின்றன. நந்தனைச் சத்தியாக்கிரகத்தின் உதாரணமாகக் காந்தி போற்றியதற்கும், சீர்திருத்தக்காரர்கள் அவனைக் கிளர்ச்சிக்கு அழைத்ததற்கும் நடுவே நின்று, இரண்டையும் நம்பாமல் எழுதிய கதை அது. உருக்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை என்பதால் அதற்கு மேடை அமையவில்லை.

இன்னும் ஆழமாகப் புதைந்துபோனது அயோத்திதாசப் பண்டிதரின் நந்தன். இராயப்பேட்டையிலிருந்து 1907 முதல் அவர் நடத்திய 'தமிழன்' இதழின் வட்டத்தில், நந்தன் பண்ணையாள் அல்ல, பௌத்த மன்னன். வாசலில் நின்று கெஞ்சும் கதையே பின்னால் கட்டப்பட்டது என்பது அவர் வாதம். வரலாறாக அதை ஏற்பதா இல்லையா என்பதை ஆய்வாளர்கள் பேசலாம். கலை விமர்சனத்துக்கு முக்கியமானது வேறு. மயிலாப்பூரிலிருந்து நடக்கும் தூரத்தில் அச்சான இந்த நந்தனைப் பற்றி, 1940களின் சபாவும் தமிழிசை மேடையும் திரையும் சேர்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நந்தனின் மக்கள் நந்தனைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கேட்கும் வழக்கம் பொற்காலத்துக்கு இல்லை.

ஓவியமும் சிற்பமும் இந்தக் கூட்டத்தில் சேராமல் எழும்பூர்ப் பக்கம் தனியாக இருந்தன. கே.சி.எஸ். பணிக்கர் 1944 இல் முற்போக்கு ஓவியர் சங்கம் தொடங்கியதைச் சபா ரசிகர்கள் பெரும்பாலும் அறிந்திருக்கவில்லை. ஓவியர்களும் மார்கழிக் கச்சேரிகளை வரைய விரும்பியதாகத் தெரியவில்லை. ஆனால் 1929 முதல் 1957 வரை அரசு ஓவியப் பள்ளியின் தலைவராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி இரண்டு சிற்பங்களால் இந்தக் கதைக்குள் வருகிறார். ஒன்று, திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தைப் பற்றிய வெண்கலச் சிற்பம். மற்றொன்று சென்னைக் கடற்கரையில் 1959 ஜனவரி 25 அன்று திறக்கப்பட்டது. நான்கு பேர், ஒரு பாறை. சிவபூதங்கள் யாரும் உதவிக்கு வரவில்லை. நால்வரும் தோளையும் காலையும் கொடுத்து நெம்புகிறார்கள். அவர்களுக்கு மாதிரியாக நின்றவர்களுள் ஒருவர் அந்தப் பள்ளியின் காவலாளி.